பூமியின் வரவு செலவும் ஒரு சுழிப்பிழையும்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி வந்தது. பூமிக்கு வரும் ஆற்றலுக்கும் பூமியை விட்டு வெளியேறும் ஆற்றலுக்கும் நடுவே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 வாட் இடைவெளி இருக்கிறது, அந்த மிச்சம்தான் பூமியைச் சூடாக்குகிறது என்று. அதற்குக் கீழே, இன்று மின்துறையில் பொறியாளராக இருக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார்: "சார், வர்றது 340 வாட். அதுல 1 வாட்னா 0.3 சதவீதம். எங்க மீட்டரே அவ்வளவு துல்லியமா ஓடாது. ஆகாசத்துல சுத்துற ஒரு பெட்டி சொல்றத எப்படி சார் நம்புறது?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பத்து நாளாகப் படித்தேன், பழைய நோட்டுகளையும் புரட்டினேன். அதில் எனக்கே ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். "அண்ணே, சுருக்கமா எழுதவே வராதா உனக்கு?" என்று என் தங்கை கேட்பாள். வராதம்மா. முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பூமிக்கு வரவு ஒன்றுதான், வெயில். சூரியனுக்கு நேராக ஒரு சதுர மீட்டர் பலகையைக் காற்று மண்டலத்துக்கு வெளியே பிடித்தால் அதில் விழுவது சுமார் 1361 வாட். பூமி உருண்டை. அதன் மேற்பரப்பு, சூரியனுக்குத் தெரியும் வட்டத்தைப் போல 4 மடங்கு. ஆகவே 1361ஐ 4ஆல் வகுத்தால் சராசரி 340 வாட். செலவு இரண்டு வழி. சுமார் 100 வாட்டை மேகமும் பனியும் மணலும் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட்டைப் பூமி வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக இரவும் பகலும் வெளியே விடுகிறது. வரவும் செலவும் சமமானால் வெப்பநிலை நிலையாக இருக்கும். செலவு குறைந்தால் மிச்சம் உள்ளேயே தங்கும்.

இந்தக் கணக்கைத் தரையில் நின்றுகொண்டு போட முடியாது. செலவு முழுவதும் நம் தலைக்கு மேலே, காற்றையும் மேகத்தையும் தாண்டி நடக்கிறது. ஆனாலும் செயற்கைக்கோள் வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே வரவுப் பக்கத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

1838இல் பிரான்சின் பூய்யே, கறுப்புப் பூசிய ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தை வெயிலில் காட்டி, அது எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தே சூரிய மாறிலியைக் கணக்கிட்டார். இன்றைய மதிப்பைவிடப் பத்து சதவீதம்தான் குறைவு. அதன்பிறகு 1893இல் ஸ்வீடனின் க்னூட் ஆங்ஸ்ட்ரம். நம் பாடத்தில் ஆங்ஸ்ட்ரம் பைர்ஹீலியோமீட்டர் வருமே, நினைவிருக்கிறதா? பெயரைச் சொன்னதும் பாதி வகுப்பு சிரிக்கும். கறுப்புப் பூசிய இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள். ஒன்று வெயிலில், இன்னொன்று நிழலில். நிழலில் இருப்பதை மின்சாரத்தால் சூடாக்கிக்கொண்டே வந்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்போது நிறுத்துவோம். அப்போது செலவான மின்சாரம் எவ்வளவோ, அவ்வளவுதான் வெயில் தந்தது. தெரியாததைத் தெரிந்ததோடு சமப்படுத்துவது. தராசும் அதைத்தான் செய்கிறது. இந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் சார்லஸ் அபட் என்று ஒருவர் இருந்தார். கலிஃபோர்னியா, சிலி, தென்மேற்கு ஆப்பிரிக்கா, எகிப்தின் சினாய் என்று காய்ந்த மலை உச்சிகளாகப் பார்த்து நிலையங்கள் வைத்து, பல பத்தாண்டுகள் சூரியனை அளந்தார். சூரியன் நாளுக்கு நாள் கூடிக் குறைகிறது, அதை வைத்து வானிலையை முன்கூட்டிச் சொல்லலாம் என்று கடைசிவரை நம்பினார். 101 வயது வரை வாழ்ந்தவர். ஆனால் அவர் கண்ட ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி சூரியனுடையது அல்ல. நடுவே இருந்த காற்றும் அளந்த முறையும் செய்த வேலை. பதினொரு வருடச் சுழற்சியில் சூரியன் மாறுவது 0.1 சதவீத அளவுக்குத்தான் என்பது பின்னால் செயற்கைக்கோளில் தெரிந்தது. உழைப்பில் குறையே இல்லை. கருவியின் கணக்கையும் காற்றின் கணக்கையும் சூரியனின் பேரேட்டில் எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்து வருபவர் வெர்னர் சுவோமி. எனக்கு மிகவும் பிடித்தவர். காரணம், அவரும் முதலில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர்! பிறகு ஆராய்ச்சிக்குப் போய், 1953இல் முனைவர் பட்டம் வாங்கியது எதற்குத் தெரியுமா? ஒரு மக்காச்சோள வயலின் வெப்ப வரவு செலவுக்கு. வயலுக்கு எவ்வளவு ஆற்றல் வருகிறது, எவ்வளவு திரும்பிப் போகிறது, நீராவியாக எவ்வளவு போகிறது என்ற கணக்கு. செயற்கைக்கோள் காலம் வந்ததும், அதே கணக்கை முழுப் பூமிக்கும் போடலாமே என்று கிளம்பிவிட்டார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேரண்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் செய்த கருவி மிக எளிமையானது. கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்த சிறு அரைக்கோளங்கள். சிலவற்றுக்குக் கறுப்பு வண்ணம், சிலவற்றுக்கு வெள்ளை. கறுப்பு, வெயிலையும் வாங்கும், அகச்சிவப்பையும் வாங்கும். வெள்ளை, வெயிலைத் தள்ளிவிட்டு அகச்சிவப்பை மட்டும் வாங்கும். இரண்டின் வெப்பநிலையையும் ஒப்பிட்டால் இரண்டு செலவும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கோடையில் வெள்ளைச் சட்டை போடு என்று அம்மா சொன்ன அதே இயற்பியல்.

1959 ஜூனில் முதல் முயற்சி. வான்கார்ட் ராக்கெட் பழுதாகிக் கருவி கடலோடு போனது. ஜூலையில் இரண்டாவது. ஏவிய சில விநாடிகளிலேயே ராக்கெட் திரும்பிக்கொள்ள, அவர்களே அதை வெடிக்கச் செய்ய வேண்டியதாயிற்று. மூன்றாவது, அக்டோபர் 13, எக்ஸ்ப்ளோரர் 7. அது மேலே போய்ச் சேர்ந்தது. பூமியின் வெப்பச் செலவை மனிதன் முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த பத்து வருடத்தில் சேர்ந்த அளவீடுகளை வைத்து சுவோமியும் அவர் மாணவர் தாமஸ் வாண்டர் ஹாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பூமி, வரும் வெயிலில் 35 சதவீதமோ அதற்கும் மேலோ திருப்பி அனுப்புகிறது என்றுதான் அதுவரை புத்தகங்களில் இருந்தது. இவர்கள் கண்டது சுமார் 30. நினைத்ததைவிடப் பூமி கறுப்பு, நினைத்ததைவிட அதிக வெப்பத்தை வாங்குகிறது, அதுவும் வெப்ப மண்டலத்தில். அப்படியானால் அந்த அதிக வெப்பத்தை துருவப் பக்கம் சுமந்து போகக் கடலும் காற்றும் நினைத்ததைவிட அதிகம் உழைக்க வேண்டும். ஒரு எண் மாறினால் புத்தகத்தில் எத்தனை பக்கம் மாறுகிறது பாருங்கள்.

1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்தில் போனது இ.ஆர்.பி.எஸ். என்ற செயற்கைக்கோள். அதன் சூரியத் தகடு விரியாமல் சிக்கிக்கொண்டது. சேலி ரைட் என்ற வீராங்கனை, எந்திரக் கையால் செயற்கைக்கோளைப் பிடித்து உலுக்கி, வெயிலில் காட்டிச் சூடேற்றித் திறக்கவைத்தார். வீட்டில் இறுகிப்போன டப்பா மூடியை வெந்நீரில் காட்டித் திறக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இரண்டு வருடத்துக்கென்று செய்த அந்தச் செயற்கைக்கோள் 21 வருடம் உழைத்தது.

அந்தத் திட்டத்தின் அளவீடுகளை வைத்து 1989இல் ஒரு பெரிய கேள்விக்கு விடை சொன்ன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வீரபத்ரன் ராமநாதன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். பதினொரு வயதில் பெங்களூருக்குக் குடிபோனபோது வகுப்பு ஆங்கிலத்தில் நடந்ததால் பாடம் புரியாமல், வாத்தியார் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டுத் தானாகவே யோசிக்கப் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார். வாத்தியாராக எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று தைத்தாலும், சந்தோஷம்தான்.

கேள்வி இது: மேகம் வெயிலை மறைத்துக் குளிர்விக்கிறது. அதே மேகம் இரவில் போர்வை போலச் சூட்டையும் தேக்குகிறது. இரண்டில் எது ஜெயிக்கும்? அவர்கள் கண்ட விடை, குளிர்ச்சிதான். மேகங்களின் நிகர விளைவு சதுர மீட்டருக்குச் சுமார் 13 வாட் குளிர்ச்சி. கரியமில வாயு இரு மடங்கானால் தேங்கும் ஆற்றலைப் போல 3 மடங்குக்கும் மேல். மேகம் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. பூமி சூடாகும்போது அந்த மேகங்கள் கொஞ்சம் மாறினாலும் கணக்கு பெரிதாக மாறும் என்பதுதான் பொருள்.

இப்போது நம் பொறியாளர் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பெட்டியை எப்படி நம்புவது?

இ.ஆர்.பி.எஸ்.ஸில் இருந்த கருவிகளில் சில, ஆங்ஸ்ட்ரம் பட்டையின் பேரப்பிள்ளைகள். பட்டைக்குப் பதிலாக உள்ளே கறுப்பாக்கிய ஒரு சிறு குழி. மின்சாரத்தால் அதை ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். கதிர் உள்ளே விழுந்தால் அந்த அளவுக்கு மின்சாரம் குறையும். குறைந்ததுதான் அளவு. கேட்க எளிது. ஆனால் சந்தேகப்பட ஆரம்பித்தால் முடிவே இல்லை. மின்சாரம் சூடாக்கும் இடமும் கதிர் சூடாக்கும் இடமும் குழிக்குள் ஒன்றா? இல்லையென்றால் இரண்டையும் சமம் என்று சொல்லலாமா? விழுந்த கதிரில் எவ்வளவு தெறித்து வெளியே போனது? கருவியின் சுவரே சூடாக இருக்கிறதே, அந்தச் சுவர் வீசும் கதிரைப் பூமியின் கதிர் என்று எண்ணிவிட்டால்?

மேலே போய்த் திறந்து பார்க்க முடியாது. அதனால் கருவியைக் கணினிக்குள் இன்னொரு முறை கட்டினார்கள். நாசாவின் லாங்லி மையத்துக்காக, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மஹனும் அவர் மாணவர்களும் பல வருடம் இதைச் செய்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட முறைக்கு மான்டி கார்லோ என்று பெயர், சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊர். 1946இல் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை, நோயிலிருந்து தேறிக்கொண்டு தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது யோசித்தாராம்: இந்த ஆட்டம் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவதைவிட, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே? அதுதான் விதை.

கருவி விஷயத்தில் அது இப்படி. கணினிக்குள் கருவியின் ஒவ்வொரு கண்ணாடி, சுவர், விளிம்பு எல்லாம் அளவு மாறாமல் இருக்கும். ஒரு கற்பனைக் கதிரை உள்ளே விடுவார்கள். அது ஒரு சுவரில் படும். தாயம் உருட்டுவது போல ஓர் எண் எடுப்பார்கள். எண்ணைப் பொறுத்து, உறிஞ்சப்பட்டது அல்லது தெறித்தது. தெறித்தால் எந்தத் திசை? இன்னொரு உருட்டல். இப்படியே அந்தக் கதிர் எங்காவது முடியும்வரை பின்தொடர்வார்கள். லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் விட்டால், நூறு கதிரில் எத்தனை போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, எத்தனை வழிதவறுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு உணர்பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது, மின்சுற்று அதை எப்படி எண்ணாக்குகிறது என்பதையும் சேர்த்தால், பூமியில் தொடங்கி எண்ணில் முடியும் முழுப் பாதையும் கைக்கு வந்துவிடும்.

இதன் அருமை 1997 முதல் போன செரஸ் என்ற அடுத்த தலைமுறைக் கருவிகளில் தெரியும். அவற்றின் உணர்பொருள் சில மில்லி விநாடியில் வெப்பத்தை உணர வேண்டியது. உணர்ந்தது. ஆனால் அதன் பின்னாலேயே ஒரு சிறு பகுதி மட்டும் மெதுவாக, பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு நிற்கிறதே, அது போல. பிரகாசமான மேகத்தைப் பார்த்துவிட்டுக் கடலுக்குத் திரும்பினால், மேகத்தின் மிச்சம் கடலின் கணக்கில் ஏறும். அந்த மந்தப் பகுதியைக் கணித வடிவில் எழுதி, வந்த அளவிலிருந்து கழித்தார்கள். சுழிப்பிழையைக் கழிப்பது போலத்தான்.

அதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. டெர்ரா என்ற செயற்கைக்கோளில் இரண்டு செரஸ் கருவிகள். ஒரே மாதிரியானவை, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று நேர்குறுக்காகப் பார்க்கும், மற்றொன்று சுழன்று எல்லாப் பக்கமும் பார்க்கும். சில வருடத்தில் இரண்டும் வேறு வேறு சொல்ல ஆரம்பித்தன. சுழன்று பார்க்கும் கருவியின் ஒளியியல் பாகங்கள் செயற்கைக்கோள் ஓடும் திசையையும் எதிர்கொள்கின்றன. அவற்றில் அழுக்குப் படிந்து, புற ஊதாக் கதிர் பட்டு இறுகி, கறுக்க ஆரம்பித்திருந்தது. அதுவும் நீலப் பக்கத்தில்தான் அதிகம். கருவிக்குள் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஒரு டங்ஸ்டன் விளக்கு இருந்தது. ஆனால் நம் பழைய குண்டு பல்பைப் போல அதன் ஒளி மஞ்சள், நீலம் மிகக் குறைவு. நீலத்தில் ஏற்பட்ட குறையை நீலம் இல்லாத விளக்கு எப்படிக் காட்டும்? எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இதன் ஆபத்தை யோசியுங்கள். கண்ணாடி கறுத்தால், பூமி திருப்பி அனுப்பும் ஒளி வருடா வருடம் குறைவது போலத் தெரியும். அதாவது பூமி அதிகமாக வெப்பத்தை வாங்குகிறது என்று தெரியும். பூமி கறுக்கிறதா, கண்ணாடி கறுக்கிறதா? இரண்டும் வெறும் எண்ணாகப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். இரண்டு கருவிகளையும் எதிரெதிரே நிறுத்தி, நீலக் கடலையும் வெள்ளை மேகத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டு, எந்த நிறத்தில் எவ்வளவு கறுத்தது என்று மாதிரி போட்டுத்தான் பிரித்தெடுத்தார்கள்.

வரவுப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 2003இல் சோர்ஸ் என்ற செயற்கைக்கோளில் போன புதிய கருவி, சூரிய மாறிலி 1361 என்றது. அதற்குமுன் பெரும்பாலான கருவிகள் சொன்னது 1366 பக்கம். சில வருடம் தகராறு. கடைசியில் கிரெக் காப் என்பவரும் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் காரணத்தைக் கண்டார்கள். பழைய கருவிகளில் முன்வாசல் பெரிது, துல்லியமாக அளந்து வெட்டிய சிறு துளை உள்ளே ஆழத்தில். அதனால் தேவைக்கு மேல் ஒளி உள்ளே வந்து, தெறித்து, ஒரு பங்கு குழிக்குள்ளும் போய்விட்டது. புதிய கருவியில் சிறு துளையே முன்வாசல். அந்த 5 வாட்டை 4ஆல் வகுத்து, பூமி வாங்கும் 70 சதவீதத்தை எடுங்கள். ஏறக்குறைய 0.9 வாட். நாம் தேடும் இடைவெளி அளவுக்கே ஒரு பிழை, ஒரு துளை இருந்த இடத்தால்! நான் கரும்பலகையில் உங்களுக்கு எழுதிப் போட்டது 1388. அதை இப்போது அழித்துவிடுங்கள்.

ஆகவே தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமே. செரஸ் தனியாக நின்று "இடைவெளி சரியாக 1 வாட்" என்று சொல்ல முடியாது. அதன் அறுதித் துல்லியம் அவ்வளவு இல்லை. அளந்ததை அப்படியே கூட்டிக் கழித்தால் இடைவெளி பல வாட் வந்தது. அது நடக்கவே முடியாதது. அதை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மிச்ச வெப்பத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கடலுக்குத்தான் போகிறது. கடலில் ஆர்கோ என்ற மிதவைகள் சுமார் 4000, 2000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறி வெப்பநிலை பார்க்கின்றன. அளவை அந்தக் கடல் கணக்கோடு பொருத்திக்கொள்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்பதை செரஸ் நன்றாகவே சொல்லும். கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடினாலும், பரீட்சை எவ்வளவு நேரம் நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிடும் இல்லையா? 2005 முதல் 2019 வரை அந்த இடைவெளி ஏறக்குறைய இரு மடங்கானது என்று 2021இல் வந்த ஆய்வு சொன்னது. வானத்திலிருந்து பார்த்த மாற்றமும் கடலுக்குள்ளிருந்து பார்த்த மாற்றமும் ஒத்துப்போயின. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு சாட்சி ஒரே கதையைச் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

1 வாட் சின்னது என்று நினைக்க வேண்டாம். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கினால் 51 கோடி மெகாவாட். கூடங்குளத்தில் ஓடும் 1000 மெகாவாட் உலையைப் போல 5 லட்சத்துக்கும் மேல், நிறுத்தாமல்.

இனி என் கடன்.

தொண்ணூறுகளில் ஒரு செய்முறை வகுப்பு. கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்து அளவு எடுக்கச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் 102 என்று எழுதிக்கொண்டு வந்தான். மறுபடி பார் என்றேன். மறுபடியும் 102. "தண்ணி நூறுல கொதிக்கும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்டா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, சிவப்பு மையால் அடித்து 100 என்று நானே எழுதினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதன்பிறகு அவன் நோட்டில் எல்லா அளவும் புத்தகத்தில் உள்ளபடியே வந்தது. நானும் நல்ல மதிப்பெண் போட்டேன்.

ஓய்வு பெறும் வருடம் ஆய்வகப் பொருள்களை ஒப்படைக்கும்போது, பொழுதுபோகாமல் எல்லா வெப்பமானிகளையும் உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 2 டிகிரி காட்டியது. அன்று அவன் கையில் இருந்தது அதுதானா, தெரியாது. ஆனால் அன்றைக்கே பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. "சுழிப்பிழை பார்த்தியா?" என்று திருகு அளவி வகுப்பில் ஆயிரம் தடவை கேட்ட வாத்தியார், தன் வெப்பமானியைக் கேட்கவில்லை.

பொருந்தாத எண் வந்தபோது அந்த விஞ்ஞானிகள் யாரும் அதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று வருடக்கணக்காகத் தேடினார்கள். துளை, அழுக்கு, விளக்கு என்று அது அவர்களைக் கொண்டுபோய் விட்டது. இன்று அந்த 1 வாட்டை நம்ப முடிகிறது என்றால் காரணம் அதுதான்.

தம்பி, நீ இந்தக் குழுவில் இருக்கிறாயா என்று தெரியவில்லை. பெயரைச் சொல்லி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். இருந்தால் தெரிந்துகொள். நீ எழுதிய 102 சரியான அளவீடு. கண்ணால் கண்டதை எழுதினாய். மதிப்பெண் திருத்த இப்போது வழியில்லை. மன்னித்துக்கொள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளை கொண்டுவரும் விடை பொருந்தவில்லை என்றால், அடிக்கும் முன் வெப்பமானியை ஒரு தடவை பனிக்கட்டியில் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்